நாற்காலி இருக்கிறது, உட்கார முடியவில்லை: சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போவது நம் வேலையா?

செங்காந்தள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இது நான்காவது ஆண்டு. மேற்கு மாவட்டம் ஒன்றில், தனியார் மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். காப்பீட்டு அட்டைக்கு அலைவது, குடும்பத்தாரிடம் பேசுவது, வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து விசாரிப்பது என்று நாள் ஓடிவிடும்.

கடந்த எட்டு மாதங்களாக ஒரே வகை நோயாளிகள் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள். வெரிகோஸ் வெயின், இடுப்பு வலி, தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி வரும் சிறுநீர்த் தொற்று. போன வாரம் வந்த பெண்ணுக்கு 26 வயது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, தொட்டால் பலகை போல இறுகியிருந்தது. உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அவள் அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, "அக்கா, கடையில் காலை எங்கே உயர்த்தி வைப்பது?" என்று கேட்டாள். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் இரவு ஒன்பது மணி வரை நிற்கிறாள்.

தமிழ்நாட்டில் 2021இலேயே உட்காரும் உரிமைக்குச் சட்டத் திருத்தம் வந்துவிட்டது என்று படித்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியாது. அவளுடைய கடையில் நாற்காலிகள் இருக்கின்றனவாம், யாரும் உட்காருவதில்லையாம்.

அடுத்த கூட்டத்தொடரில் தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதம்) வரும்போது யாராவது இதைப் பேச வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்க்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "நம் வேலை நோயாளியின் கட்டிலோடு முடிகிறது. அதற்கு மேல் அரசியல்" என்று சொல்லிவிட்டார். மூன்று நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை. இது நம் வேலையா, இல்லையா? வேலைதான் என்றால் எப்படிச் செய்வது?

வைகைக்கரை எழுதியது:

மகளே, நல்ல இடத்தில் கேட்டிருக்கிறாய். நான் ஓய்வு பெற்றவன். அமைப்புசாராத் தொழிலாளர்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் களத்தில் இருந்தேன். நம் வேலைதான். உன் மேலாளர் சொல்லும் கட்டிலுக்கு அந்தப் பெண் ஏன் வந்தாள் என்று கேட்காமல் இருந்தால், புண்ணை ஆற்றி அதே தரைக்கு அவளைத் திருப்பி அனுப்புகிறோம். ஆறு மாதத்தில் மறுபடியும் வருவாள்.

வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு இருக்கை தர வேண்டும் என்பது புதிய சிந்தனை இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடைக்குத் தனிச் சட்டம், அது 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதில் வேலை நேரம் உண்டு, விடுமுறை உண்டு, இருக்கை இல்லை. பஞ்சாலையில் நின்ற பெண்ணுக்குக் கிடைத்த பிரிவு ஜவுளிக்கடையில் நின்ற பெண்ணுக்குக் கிடைக்க 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதுவும் தானாக நடக்கவில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், கடைப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. பிறகுதான் நாற்காலி. 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதைப் பார்த்து இங்கே 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமுன்வடிவைக் கொண்டுவந்தார். இந்த உரிமையைச் சட்டமாக்கியதில் கேரளத்துக்கு அடுத்து நாம்.

சட்டம் வந்தால் வேலை முடிந்தது என்று நாங்களும் ஒரு காலத்தில் நம்பினோம். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது. அதன் கீழ்க் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது 1994இல். நடுவில் 12 ஆண்டுகள். அந்த 12 ஆண்டுகளில் சாரத்திலிருந்து விழுந்தவர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவன் நான். கையில் சட்டப் புத்தகம் இருந்தது, கொடுக்கப் பணம் இல்லை. ஆகவே நீ கேட்கப் போவது புதுச் சட்டமா, இருக்கும் சட்டத்தின் அமலா என்பதை முதலில் பிரித்துக்கொள். இரண்டுக்கும் போக வேண்டிய கதவு வேறு.

நேர்கோடு எழுதியது:

நான் மாறுபடுகிறேன். மருத்துவமனைச் சமூகப் பணியில் எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. சகோதரியின் மேலாளர் சொன்னதை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம்.

ஒரு நோயாளி நம்மிடம் வாய் திறப்பதற்குக் காரணம், நாம் யாருக்கும் கட்சி கட்டவில்லை என்ற நம்பிக்கை. கடை முதலாளியின் தாயாரும் நம் வார்டுக்குத்தான் வருவார். நாளை நாம் சட்டமன்ற உறுப்பினரோடு நின்று எடுத்த படம் நாளிதழில் வந்தால், எதிர்க்கட்சிக் குடும்பம் நம்மிடம் பேசுமா? அரசு மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகளும் இருக்கின்றன. இது முதல் கவலை.

இரண்டாவது கவலை இன்னும் பெரியது. மக்கள் பெயரில் மனு எழுதுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மனுவில் 'நாங்கள்' என்று இருக்கும், அந்த நாங்களில் ஒருவருக்கும் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கையெழுத்து மட்டும் வாங்கியிருப்பார்கள். கருத்தரங்கில் பேச அழைப்பு வரும், படியேறிப் போய்விடுவார்கள். அந்தப் பெண் அதே கடையில் நிற்பாள். செங்காந்தள் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூக்கம் பிடிக்காத வேகத்தில் இறங்கும்போது இந்தத் தவறு எளிதாக நடக்கும்.

செங்காந்தள் எழுதியது:

நேர்கோடு அண்ணா, வலித்தாலும் நன்றி. அந்தப் பெண்ணிடம் நான் இதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை என்பது நீங்கள் எழுதிய பிறகுதான் உறைத்தது. நேராக உறுப்பினரிடம் போகத்தான் நினைத்தேன்.

மனுப்பெட்டி எழுதியது:

நான் ஆறு ஆண்டுகள் ஒரு சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் இருந்தவன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

காலை ஏழரைக்கே வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா, மகனுக்கு வேலை, தெருவிளக்கு. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தால் பெரிது. அந்த நேரத்தில் பதினான்கு பக்க ஆய்வறிக்கையோடு ஒருவர் வருவார். பைண்டிங் அழகாக இருக்கும். அதை வாங்கி அலமாரியில் வைப்பது என் வேலை. அலமாரியிலிருந்து ஒன்றும் சட்டமன்றத்துக்குப் போனதில்லை.

போனவை எல்லாம் ஒரு பக்கத்தில் வந்தவை. மேலே தொகுதியின் பெயர், அதன் கீழ் பிரச்சினை மூன்று வரியில், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தத் துறை, என்ன செய்ய வேண்டும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, உறுப்பினர் அப்படியே எழுந்து வாசிக்கக்கூடிய கேள்வி. ஒருமுறை ஒரு அங்கன்வாடிப் பணியாளர் அரைத் தாளில் கையால் எழுதிக்கொண்டு வந்தார். உறுப்பினர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போய் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசினார். அவைக் குறிப்பில் அந்த அம்மாவின் வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

நேரம் மிகவும் முக்கியம். விவாதத்துக்கு முந்தைய நாள் வந்து பயனில்லை. கேள்விக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே உறுப்பினர் தொகுதியில் இருக்கும் நாளில் வாருங்கள். துறையின் பழைய கொள்கை விளக்கக் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். "சென்ற ஆண்டுக் குறிப்பில் இதைச் சொன்னீர்கள், என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. மாவட்டங்களுக்கு வரும். வரும் முன் ஆட்சியர் அலுவலகம் வழியாக அறிவிப்பு வெளியாகும், ஐந்து நகல்களோடு தமிழில் மனு கேட்பார்கள். பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே பிரச்சினைதான் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதையும், வேலை, பட்டா, கடன் போன்ற தனிநபர் கோரிக்கையையும் எடுக்க மாட்டார்கள். உங்கள் விஷயம் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. இதற்கு எந்தக் கட்சி உறுப்பினரின் வாசலிலும் நிற்க வேண்டாம், படமும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்கோடு ஐயாவின் முதல் கவலை இங்கே பாதி தீர்ந்துவிடும்.

கறுப்பங்கி எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் சில விஷயங்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 350 ஒவ்வொருவருக்கும், குறை தீர்க்கக் கோரி எந்த அதிகாரியிடமும் மாநிலத்தில் வழங்கும் மொழியில் மனுக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. மனுக் கொடுப்பது கட்சி அரசியல் ஆகாது. அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் பொருந்தும் என்பது உண்மை. அவர்கள் துறை வழியாக, எழுத்தில் அறிக்கை கொடுக்கட்டும். அதுவும் கோப்பில் ஏறும். தனியார் மருத்துவமனையில் இருப்பவர் தன் சொந்தப் பெயரில், பணி நேரத்துக்கு வெளியே, மருத்துவமனையின் தாளைப் பயன்படுத்தாமல் செய்தால் போதும்.

வெளிநாட்டு நன்கொடை பெறும் தொண்டு நிறுவனங்கள் இந்த வகை வேலை என்றாலே அஞ்சுகின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் கடுமையானது, 2020 திருத்தத்துக்குப் பின் இன்னும் கடுமையாகிவிட்டது. ஆனால் அதே 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கட்சி அரசியலோடு தொடர்பின்றிப் பொதுநலக் கோரிக்கைக்குக் குரல் கொடுக்கும் அமைப்பை அரசியல் அமைப்பு என்று சொல்லி நிதியைத் தடுக்க முடியாது என்று விளக்கிவிட்டது. பயம் இருக்கும் அளவுக்கு இந்தத் தீர்ப்பைப் படித்தவர்கள் இல்லை.

இனி 2021இல் வந்த உட்காரும் உரிமைப் பிரிவு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 22-ஏ சொல்வதன் சாரம்: எல்லா ஊழியருக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலையின் போக்கில் உட்கார வாய்ப்பு நேரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எத்தனை இருக்கை என்று அதில் இல்லை, எவ்வளவு நேரம் என்றும் இல்லை. 'வாய்ப்பு நேரும்போது' என்ற சொற்களில்தான் அந்த 26 வயதுப் பெண்ணின் கால் மாட்டிக்கொண்டிருக்கிறது. நாற்காலியை வாங்கிப் போட்டுவிட்டு, வாய்ப்பே நேராமல் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் போதும்.

சட்டமுன்வடிவைப் படிக்கத் தெரிந்திருப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்தம் நம் பேரவையில் நிறைவேறியது. அன்றே தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எழுந்தன. மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த முன்வடிவைப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் பல ஊர்களில் இருந்ததால்தான் அத்தனை விரைவில் எதிர்ப்பு திரண்டது.

தேயிலைத் துளிர் எழுதியது:

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதையும் ஒரு பிரிவைப் பற்றியதுதான்.

தேயிலைத் தோட்டங்களில் சமூக சேவை வேலை செய்யப் போன காலத்தில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஏறும் பாதை மழையில் கரைந்து போய்க் கர்ப்பிணிகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். உள்ளாட்சி அமைப்பான பிரதேச சபைக்குப் போய்க் கேட்டால், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்பார்கள். தோட்டத்து மக்கள் அந்தச் சபைக்கு வாக்களித்தவர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆவது பிரிவு அப்படி அமைந்திருந்தது. நாங்கள் ஆண்டுக்கணக்கில் பாதைக்குக் கடிதம் எழுதினோம், வீட்டுக்கு எழுதினோம், குழாய்க்கு எழுதினோம். அடைத்துக்கொண்டு நின்றது ஒரு பிரிவு என்று தெரிந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது.

திருத்தம் வந்த பிறகு ஒரு தோட்டத்தில் பெண்கள் கூட்டம் ஒன்றில் அந்தப் பிரிவைத் தமிழில் வாசித்தேன். கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா, "அப்படியென்றால் முப்பது வருடமாக அவர்கள் எங்களை ஏமாற்றவில்லை, சட்டம்தான் ஏமாற்றியிருக்கிறது" என்றார். அடுத்த சபைக் கூட்டத்துக்கு அவர் பாதையின் நீளத்தைக் காலடியால் அளந்து எழுதிக்கொண்டு போனார்.

மருதாணி எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் சமூகப் பணியாளர் இல்லை. ஜவுளிக்கடையில் ஏழு ஆண்டுகள் நின்றவள். இப்போது வீட்டில் தையல். எந்தக் கடை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள், தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நாற்காலி இருந்தது என்று செங்காந்தள் எழுதியிருந்தீர்கள். எங்கள் தளத்திலும் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகள் வந்தன. நான்கு. பட்டுப் பிரிவில் பதினோரு பெண்கள் இருந்தோம். முதல் வாரம் உட்கார்ந்தோம். அதன் பிறகு தள மேற்பார்வையாளர் ஒரு விதி கொண்டுவந்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் விரித்த புடவைகளை மடிக்க வேண்டும், மடித்தது முடிந்தால் கலைத்து நிறம் பார்த்து மறுபடி அடுக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு ஆறு கஜத்தை மடிக்க முடியாது. முக்காலிகள் மெல்ல வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைகளுக்கானவை ஆகிவிட்டன. கண்காணிப்புக் கேமராவில் யார் உட்கார்ந்தாலும் இன்டர்காமில் பெயர் சொல்லி அழைப்பார்கள். பெயர் சொல்லி அழைத்தால் தளம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு எவள் உட்காருவாள்?

நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு என்று அந்தப் பழைய சட்டத்திலேயே இருக்கிறதாமே, உண்மையா? எங்களுக்குச் சாப்பிட இருபத்தைந்து நிமிடம். மாடி ஏறி இறங்கும் நேரமும் அதில்தான். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு.

நீங்கள் போய்ப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் காலை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்தச் சட்டத்தை முதலில் எங்களிடம் கொண்டுவாருங்கள். ஏழு ஆண்டுகளில் ஒருவரும் கொண்டுவரவில்லை.

கறுப்பங்கி எழுதியது:

உண்மைதான், மருதாணி அம்மா. 1947 சட்டத்திலேயே இருக்கிறது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்பதும் அதிலேயே இருக்கிறது. மிகை நேரத்துக்கும் வரம்பு உண்டு.

நேர்கோடு எழுதியது:

மருதாணி எழுதியதை மூன்று முறை படித்தேன். கட்சி கட்டக் கூடாது என்று நான் சொன்னது இப்போதும் என் கருத்துதான். ஆனால் இருபத்தைந்து நிமிடச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

செங்காந்தள், முதலில் ஒன்று செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதுங்கள். 22-ஏ பிரிவின் கீழ் இதுவரை எத்தனை கடைகளில் ஆய்வு செய்தார்கள், எத்தனை பேர்மீது நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நோயாளி யார் பெயரும் அதில் தேவைப்படாது. தகவல் அறியும் உரிமைச் சட்டமே, ராஜஸ்தான் கிராமத்து மக்கள் தங்கள் கூலிப் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேட்டதிலிருந்து பிறந்தது. 1996இல் அங்கே பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள்.

நோயாளிகளின் கதையைச் சொல்வதாக இருந்தால், எழுத்துபூர்வமாக ஒப்புதல் வாங்குங்கள். வேண்டாம் என்று பின்னர் சொன்னால் உடனே எடுத்துவிடுவதாகவும் அதிலேயே எழுதுங்கள். சிகிச்சை நடக்கும்போது கேட்காதீர்கள். மறுத்தால் மருந்து நின்றுவிடுமோ என்று பயப்படுவார்கள்.

வைகைக்கரை எழுதியது:

ஒப்புதலைப் பற்றி நேர்கோடு சொன்னதில் ஒரு எழுத்தும் குறையாமல் செய், மகளே. ஏன் என்று சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், அதிகாரிகள் வந்திருந்த ஒரு கூட்டத்தில் வீட்டுவேலை செய்யும் பெண் ஒருவரைப் பேசச் சொன்னேன். நன்றாகப் பேசினார். மண்டபமே அமைதியானது. எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் அவர் வேலை பார்த்த மூன்று வீடுகளில் இரண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டன. கூட்டத்தில் இருந்த ஒருவரின் உறவினர் வீடு அதில் ஒன்று. அவரிடம் நான் முதல் நாள் "பேசுகிறீர்களா அம்மா?" என்றுதான் கேட்டிருந்தேன். பேசினால் என்ன நேரலாம் என்று உட்கார்ந்து சொல்லவில்லை. அவர் என்மீது கோபப்படவே இல்லை. அதனால்தான் இன்றுவரை ஆறவில்லை. வீட்டுவேலைத் தொழிலாளர் நல வாரியம் 2007இல் வந்தபோது அட்டை எடுத்துக் கொடுக்க முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். ஊரை விட்டுப் போயிருந்தார்.

அதன் பிறகு நாங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். மனு எழுதும் முன் ஆறு கூட்டம். அதில் முதல் மூன்றில் சட்டத்தை வாசிப்பது மட்டும்தான். அரசிதழில் இருப்பதை அப்படியே ஒருவர் வாசிப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, "இது உங்கள் வேலையிடத்தில் எப்படி இருக்கும்?" என்று கேட்போம். சட்டமன்றம் என்பது என்ன, யார் முன்வடிவு கொண்டுவருகிறார், விதி என்றால் என்ன, அரசாணை என்றால் என்ன என்பதையெல்லாம் கோலப்பொடியால் தரையில் வரைந்து காட்டுவோம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள்தான் ஓட்டைகளை முதலில் கண்டுபிடிப்பார்கள். அவர்கள்தானே அந்த ஓட்டைக்குள் வாழ்கிறார்கள்.

தேவதாசி ஒழிப்பையும் நினைத்துப் பார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் போய்ப் பேசினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர், ஊர் ஊராக மேடையேறிப் பேசினார். சட்டம் 1947இல்தான் முழுமையாக வந்தது. அவைக்குள் ஒலித்த குரல் ஊருக்குள்ளும் ஒலித்தபடியால்தான் இருபது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

செங்காந்தள் எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

தகவல் உரிமை மனு போட்டேன். பதில் இன்னும் வரவில்லை, மேல்முறையீடு செய்யப் போகிறேன். அந்த 26 வயதுத் தங்கையிடம் சிகிச்சை முடிந்த பிறகு, மருத்துவமனைக்கு வெளியே, என்னவெல்லாம் நேரலாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். தன் பெயர் வேண்டாம் என்றாள், ஆனால் தோழிகளை அழைத்து வருகிறேன் என்றாள். அவர்கள் கடைவிடுதியில் தங்கியிருப்பவர்கள், வார விடுமுறை வெவ்வேறு நாளில் வருகிறது. ஆகவே இரவு பத்து மணிக்கு, ஒருவரின் அத்தை வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். ஒன்பது பேர். கீழே பாய் விரித்திருந்தும் முதலில் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

22-ஏ பிரிவை வாசித்தோம். 'வாய்ப்பு நேரும்போது' என்று வந்ததும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "நேர்ந்துவிட்டது என்று யார் சொல்ல வேண்டும் அக்கா, நாங்களா, மேற்பார்வையாளரா?" என்று கேட்டாள். அதையே கேள்வியாக வைத்து ஒரு பக்கம் எழுதினோம். மூன்று கூட்டத்தில் ஏழு முறை அடித்துத் திருத்தினோம். மனுப்பெட்டி அண்ணா, பார்த்துச் சொல்லுங்கள்:

"எங்கள் மாவட்டத்தின் பல ஜவுளிக்கடைகளில் பெண் ஊழியர்களுக்கு இருக்கை வசதி இல்லை. 2021இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, எப்போது உட்காரலாம் என்பதை முடிவு செய்பவர் யார் என்று சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்காரும் நேரத்தையும், இரண்டு ஊழியருக்கு ஓர் இருக்கை என்ற அளவையும் விதிகளில் சேர்க்க வேண்டும். உட்கார்ந்ததற்காக எச்சரிப்பதோ சம்பளம் பிடிப்பதோ கூடாது என்று சேர்க்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் இருக்கைகளை எண்ணுவதோடு நிற்காமல் ஊழியர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்."

மனுப்பெட்டி எழுதியது:

நன்றாக இருக்கிறது. மனுக்கள் குழுவுக்கு ஐந்து நகல், உறுப்பினருக்குத் தனியாக ஒன்று. உறுப்பினருக்கான தாளில் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கேள்வியைக் கடைசி வரியாக வையுங்கள். பெயர் தேவையில்லை. அவர் எழுந்து அதை வாசித்தால் போதும்.

மருதாணி எழுதியது:

முதல் வரியை மாற்றுங்கள், செங்காந்தள். 'இருக்கை வசதி இல்லை' என்று எழுதினால் மறுநாளே கடைக்காரர்கள் முக்காலிகளைப் படம் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், உங்கள் மனு அங்கேயே முடிந்துவிடும். இருக்கை இருக்கிறது, அதில் ஊழியர் உட்கார்ந்தால் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்த இன்டர்காமையும் கேமராவையும் எழுதுங்கள்.

அடுத்த கூட்டம் என்றைக்கு என்று சொன்னால் தங்கையை அனுப்புகிறேன். இரவு பத்தரைக்குத்தான் அவளால் வர முடியும்.

செங்காந்தள் எழுதியது:

மாற்றிவிட்டேன். புதன்கிழமை, பத்தரைக்கே வைத்துக்கொள்கிறோம்.